பனி போல வந்த டீசல்

கார்த்திகை 9, செவ்வாய்



அப்பாவின் ஜீப் கல்வராயன் மலை ஏறும்போது கரும்புகை கக்குகிறது என்று கள்ளக்குறிச்சி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, நுனியில் அப்பியிருந்த கரியைச் சுத்தம் செய்து, கைப்பம்பில் பொருத்தி அழுத்தினார். கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளிலிருந்து டீசல் பனி போல வந்தது. நூலகப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்தது. தொட்டுப் பார்க்க விரலை நீட்டினேன்.

படீரென்று என் கையில் அடித்துத் தள்ளினார்.

"இன்னாய்யா, பொண்ண அடிக்கிற?" என்று அப்பா எகிறினார்.

மெக்கானிக் தன் இடது கையை விரித்தார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"இதே பனிதாங்க. வர்ற வேகத்துல ஊசி மாதிரி தோலுக்குள்ள பூந்துடுச்சி. ரத்தங்கூட வரல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துது. மஞ்சள வச்சிக்கினு ரெண்டு நாளு வேல செஞ்சேன். மூணாம் நாளு ஆஸ்பத்திரில வெட்டிட்டாங்க."

அந்தப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீடு வரும்வரை, கியர் மாற்றும்போது மட்டும்தான் அப்பா என் கையை விட்டார்.

நான் நீட்டியது, இப்போது பேனா பிடித்திருக்கும் இதே விரலைத்தான். மெக்கானிக் அடித்த இடம் சிவந்து வலிக்கிறது. வலிக்கட்டும்.