மேலாளரின் சிவப்புக் கோடுகள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? நான் சுகம்.

கணினி நிரலை எழுதும்போதே பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு போடும் வசதியைச் செய்து முடித்தேன். முதலில் சிவந்தது மேலாளரின் பழைய நிரல்தான்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேய்யா ஓடுச்சு? கோட்டை எடு!" என்று எல்லோர் முன்பும் கத்தினார்.

"நேத்தும் தப்புதான் சார். இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரியுது" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் வேலை கிடையாதாம். அந்த ஆளுக்காக எடுக்கமாட்டேன். இப்போது என் மேசையில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை, இடம் தாராளம்.

அம்மா பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள், என்னைத் திட்டுவதானாலும் சரி. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், இத்துடன் முடிக்கிறேன். நான் தங்கும் அறையும் கம்பெனியுடையது. வெள்ளிக்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மகன்