செவ்வாய்க்கிழமை எடுக்கப்போகும் காட்சி

மில்வாக்கி,
மார்ச் 9

என் செல்ல மக யோலாண்டாவுக்கு,

அம்மா எழுதுறேன். முட்டிவலியைத் தள்ளிவச்சுப் பார்த்தா நான் நல்லாத்தான் இருக்கேன், நீயும் லாஸ் ஏஞ்சலஸ்ல வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு கர்த்தர்கிட்டே கேட்டுக்கிறேன். இங்கே இன்னும் பனி கொட்டுது, உன் தம்பி டேரல் வந்து வாசல்ல கிடந்ததை அள்ளிப் போட்டுட்டு அரை டப்பா பிஸ்கட்டையும் காலி பண்ணிட்டுப் போனான், சர்ச்ல வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு என்னைத்தான் மாவு கரைக்கச் சொல்றாங்க, வேற யாரு கரைச்சாலும் மீன் ஒரு பக்கம் மாவு ஒரு பக்கமா போயிடுதாம்.

ஞாயித்துக்கிழமை நீ போன்ல சொன்னதைக் கேட்டதுலேர்ந்து மனசு ஒரு நிலையில இல்லை. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ நம்ம காரைப் போலீஸ் நிறுத்தினதை நீ எழுதுற போலீஸ் சீரியல்ல வச்சிருக்கிறதாவும், கடைசியில அந்த வெள்ளைக்காரப் போலீஸ் அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்கிறதாவும் சொன்னே. கூட எழுதுறவங்க அந்தக் காலத்துல எந்தப் போலீஸ்காரன் கறுப்பர்கிட்ட மன்னிப்புக் கேட்டான்னு சிரிச்சாங்களாம், நீ மேசையைத் தட்டி எங்க அப்பா பொய் சொல்ற ஆள் இல்லைன்னு சண்டை போட்டு ஜெயிச்சியாம், செவ்வாய்க்கிழமை ஷூட்டிங்காம். சிக்னல் சரியில்லைன்னு போனை வச்சேன், சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பா போய் ஆறு வருஷமாச்சு, இன்னும் வியாழக்கிழமை வந்தா நாம பார்த்த அந்தப் பழைய போலீஸ் நாடகம்தான் ஞாபகம் வருது. இரும்பு உருக்கி வார்க்கிற ஃபேக்டரியிலேர்ந்து வந்து கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு சோபாவுல நடுவுல உட்காருவாரு, நீ ஒரு பக்கம் டேரல் ஒரு பக்கம். டிவியில ஒரு மணி நேரத்துல கொலைகாரனைப் பிடிச்சிருவாங்க, நம்ம தெருவுல காணாமப் போன சைக்கிளை நாலு வருஷமா தேடுறானுங்க, இவனுங்களைக் கொஞ்சம் இங்கே அனுப்பச் சொல்லுங்கன்னுவாரு. விளம்பரம் வந்தா சாப்பிட்ட தட்டை உங்க கையில கொடுத்து, இதான் ஸ்டியரிங், போலீஸ் காரை நிறுத்தினா ரெண்டு கையும் மேலே தெரியணும், சார்னு சொல்லணும், எடுத்தெறிஞ்சு பேசக்கூடாதுன்னு பழக்குவாரு. அவர் தொப்பியை மாட்டிக்கிட்டு நீதான் போலீஸ், லைசென்ஸைக் காட்டுடா குண்டுப்பயலேன்னு டேரலை அதட்டுவே, அவன் இவளைப் போய் சார்னு கூப்பிட மாட்டேன்னு அழுவான். நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிப்புக்குள்ள பயமும் இருந்துச்சு, ஆனாலும் அந்த நாள் திரும்பி வராதான்னு ஏக்கமா இருக்கு.

இப்போ நடந்ததைச் சொல்றேன், உட்கார்ந்து படி. உனக்கு ஏழு வயசு, சர்ச் முடிஞ்சு ஐஸ்கிரீம் வாங்கப் போனோம். போலீஸ் நிறுத்தினதும் உங்க ரெண்டு பேரையும் பின்சீட்டுல தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்கச் சொன்னேன், அதனால நீ எதையும் பார்க்கலை. ஏதோ கடையில கொள்ளையடிச்சவன் கறுப்பாம், உயரமாம், அவங்களுக்கு அது போதும். ஞாயித்துக்கிழமை கோட்டோட அப்பாவை ஈர ரோட்டுல குப்புறப் படுக்க வச்சாங்க. ஆள் இவர் இல்லைன்னு தெரிஞ்சதும் லைசென்ஸைத் தண்ணியில விட்டெறிஞ்சுட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாங்க. மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்பா மண்டி போட்டு அதை எடுத்தாரு, கார்ல ஏறி, பின்னால திரும்பி, வழுக்கி விழுந்துட்டேன், ஆள் மாறிப்போச்சாம், பாவம் அந்தப் போலீஸ்காரத் தம்பி கைகொடுத்து மன்னிப்புக் கேட்டுச்சுன்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே சாவியை என்கிட்ட நீட்டினாரு, நான்தான் வீடு வரைக்கும் ஓட்டினேன். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு அப்புறமா கேட்டதுக்கு, காலையில ஸ்கூல் வாசல்ல ஒரு போலீஸ்காரன் கையைப் பிடிச்சுத்தான் என் மக ரோட்டைக் கடக்கணும், அவ நடுங்கக்கூடாதுன்னாரு. பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதேன்னு கேட்டுக்கிட்டாரு, முப்பத்திமூணு வருஷம் காப்பாத்திட்டேன்.

அதனால, தங்கம், அந்த மன்னிப்பை அந்தப் போலீஸ்காரன் வாயில வைக்காதே. பார்க்கிறவங்க அந்தக் காலத்துல அப்படி ஒண்ணும் மோசமில்லைன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க, உங்க அப்பா மண்டி போட்டது ஒண்ணுமில்லாமப் போயிடும். அவர் கார்ல ஏறி உங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சதை எழுது. அப்போ உங்க அப்பா பொய்தானே சொன்னாருன்னு கூட எழுதுறவங்க கேட்டா ஆமான்னு சொல்லு, எனக்காகச் சொன்னாருன்னு சொல்லு.

கர்த்தர் உன்னையும் உன் எழுத்தையும் ஆசீர்வதிக்கட்டும். வெறும் வயித்துல காப்பி குடிக்காதே. செவ்வாய்க்கு முன்னாடி உன் கைக்குக் கிடைக்கணும்னு டேரலை விரைவுத் தபால்ல போடச் சொல்லியிருக்கேன், அவனுக்கும் இது தெரியாது, நீயே பக்குவமா சொல்லு. படிச்சதும் போன் பண்ணாதே, நல்லா அழுதுட்டு அப்புறமா பண்ணு, நானும் அதுக்குள்ள அழுது முடிச்சிருப்பேன்.

உன் அம்மா,
வெர்னிதா