எல்லாத்துக்கும் பத்து

ஆகஸ்ட் 5, திங்கள்
ஸலாம், நோட்டே. சௌக்கியமா? நான் ஜமீர், உத்திரமேரூர் ஆட்டுத் தரகன். பெருங்குடலில் புற்று என்று ஒரு சாண் வெட்டி எடுத்து இன்றோடு நாலு வாரம். தினம் எத்தனை தடவை வெளிக்குப் போகிறேன் என்று எழுதத்தான் நர்ஸ் மலர்க்கொடி உன்னைக் கொடுத்தது. மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கையில் நோட்டு கொடுத்தால் சும்மா இருப்பானா? கதை எழுதுகிறான். இன்று நாலு தடவை.

ஆகஸ்ட் 7
மூணு. நடுவில் ஒன்று பொய் மிரட்டல்.

ஆகஸ்ட் 9, வெள்ளி
காயம் காட்டப் போனேன். வெட்டிய டாக்டர், ஆறிவிட்டது, மேற்கொண்டு மருந்து டாக்டர் சொல்வார் என்றார். மருந்து டாக்டர் இன்று வரவில்லை. மாகறலில் ஒருமுறை ஒரே கிடாவை இரண்டு பேருக்குப் பேசிவிட்டு நான் ஒளிந்தது ஞாபகம் வந்தது. அது இப்போது எதற்கு?

வாசலில் அனுப்ரியா என்ற பெண், கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். புதன்கிழமைதோறும் ஆறு டாக்டர்கள் ஒரே ரூமில் கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன வைத்தியம் என்று முடிவு செய்கிறார்களாம். அந்தக் கூட்டு வேலை சரியாக நடக்கிறதா என்று நோயாளிகள் பத்துக்கு மார்க் போட வேண்டுமாம். ஒன்பது கேள்வி. அதில் ஒன்று: அடுத்த வைத்தியம் என்ன, எப்போது என்று சொன்னார்களா?

யாரும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் மலர்க்கொடி நின்றுகொண்டிருந்ததே! குறைத்தால் அதற்குத் திட்டு விழாதா?

"எல்லாத்துக்கும் பத்து போட்டுக்கோமா."

"யோசிச்சு சொல்லுங்க, பாய்."

"வயித்த கீசி உசுர் குடுத்தவங்களுக்கு பத்து கூட தராதவன் மன்சனா?"

அது கொடுத்த போன் நம்பர் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெருமையாக பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 15
இரண்டு தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை. பத்து வாங்கினவர்கள் மறப்பார்களா?

ஆகஸ்ட் 20, செவ்வாய்
திருப்புலிவனம் ஜானகிராமன் போன் செய்தார். எனக்கு அடுத்த கட்டில், அதே வியாதி, ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஆபரேஷன். அவருக்குப் போன வாரமே மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டு மாசத்துக்குள்ள ஏத்தணுமாம் பாய். லேட்டானா திரும்பி வந்துடுமாமே. உனுக்கு எப்போ?"

எனக்கு எப்போ? ஆறு வாரம் போச்சே. இன்னா பண்ணிக்கினு இருந்தேன் நான் — எத்தினி தபான்னு எண்ணிக்கினு!

பத்துப் போட்ட கதையை வீட்டுக்காரி வகிதாவிடம் சொன்னேன். வெங்காயம் அரிவதை நிறுத்தவேயில்லை. "ஆட்டுக்கு பல்ல புடிச்சி பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்ட. உன் உசுருக்கு மட்டும் கண்ண மூடிக்கினு பத்து."

முப்பது வருஷத்தில் கிழட்டு ஆட்டை இளசு என்று ஒருவனும் என்னிடம் விற்றதில்லை. என்னை நானே விற்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்
அனுப்ரியா கொடுத்த சீட்டில் இருந்த நம்பருக்குப் பேசினேன்.

"அம்மா, அந்த ஒரு பத்த சைபராக்கு. அடுத்து இன்னான்னு என்கிட்ட யாரும் சொல்லல."

டாக்டர்கள் கூட்டம் இப்போதுதான் நடக்கிறது, நேரே போகிறேன் என்றது.

சாயங்காலம் மலர்க்கொடியே கூப்பிட்டது. எனக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்று ஆறு பேரும் போன மாதமே எழுதிவைத்திருக்கிறார்கள். யார் என்னிடம் சொல்வது என்று மட்டும் எழுதவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று இவர், இவர் சொல்லியிருப்பார் என்று அவர். இனி அதற்கு ஒரு கட்டம் போட்டு, சொல்ல வேண்டியவர் பேரையும் எழுதுவார்களாம். திங்கட்கிழமை வரச் சொன்னது.

உனக்குத் திட்டு விழுமே என்றுதான் வாயை மூடினேன் என்றேன்.

"நீ செத்தா மட்டும் திட்ட மாட்டாங்களா, பாய்?"

ஆகஸ்ட் 26, திங்கள்
ஏழு வாரம். மருந்து ஏற்றும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அனுப்ரியா மறுபடியும் வந்தது, அதே ஒன்பது கேள்வி. சந்தையில் கிடா பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அரைமணி நேரம். அந்தப் பெண்ணுக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. அடுத்து என்ன என்று சொன்னதற்கு இந்தத் தடவை ஏழு. மிச்சம் மூணை ஏன் பிடித்துவைத்தேன் என்றால் — மலர்க்கொடி வருகிறது, நரம்பு பார்க்க வேண்டுமாம், நோட்டை வைத்துவிட்டுக் கையை நீட்டு என்கிறது, இரும்மா, ஒரு வரிதான் — அந்த மூணு எதற்கென்றால், நானே போன் போட்டுக் கேட்ட பிறகுதானே