கடந்த ஒரு வாரத்தில் என்ன சாப்பிட்டாய்?

மார்ச் 23, திங்கள்

காலையிலேயே வெயில். ஆபீசில் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை.

மேடம் எல்லார் முன்னாலும் கேட்டார். "சுமதி, ரெண்டாவது தடவை ஃபாரமெல்லாம் பிள்ளைங்க நிரப்பினதா, இல்ல பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நீயே டிக் அடிச்சியா?"

எங்கள் உணவு ஆய்வுக்கு இலுப்பூர்ப் பக்கத்துப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அறுபது பேர். ஒரே ஃபாரம், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. கடந்த ஒரு வாரத்தில் முட்டை எத்தனை நாள், மீன் எத்தனை நாள், கறி, கீரை, வடை, பிஸ்கட். இரண்டு முறையும் விடை ஏறக்குறைய ஒத்துப்போனால் ஃபாரம் நம்பத் தகுந்தது. ஒத்துப்போகவில்லை. முதல் முறை கறி, முட்டை சுத்தமாக இல்லை. அடுத்த முறை நாலு நாள், ஐந்து நாள். ஃபாரம் மேடம் தயாரித்தது. ஆகவே பொய் என்னுடையது.

ஏப்ரலோடு என் வேலை முடிகிறது. நீட்டிக்க மேடம் கையெழுத்து வேண்டும். 2ஆம் தேதி ஆய்வுக் கமிட்டிக் கூட்டத்தில் 'கள்ள ஃபாரம் போட்டவள்' என்று சொல்லிவிட்டால் இந்த மாவட்டத்தில் எவரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

பியூன் அண்ணன் சிரித்தார். அதையும் மறக்க மாட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்கே போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. செருப்பு வார் அறுந்தது. பின்னூசி.

ஒரு பிள்ளையின் அம்மாவிடம் ஃபாரத்தைக் காட்டினேன். சிரித்தார்.

"மொத தடவை நீங்க வந்தப்ப மாரியாயிக்கு காப்புக் கட்டியிருந்துச்சுல்ல. காப்புக் கட்டிட்டா ஊருக்குள்ள எந்த வீட்லயும் கவிச்சி கெடையாதுங்க. பள்ளிக்கூடத்து முட்டையக்கூட தொட மாட்டாளுக. பெறகு கெடா வெட்டு. ஒரு வாரம் ஒறவுமொற வந்துக்கிட்டே இருக்கும், கறி தீராது."

அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டு முறையும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

தலைமை ஆசிரியை இன்னொன்று சொன்னார். "திருவிழா முடிஞ்சு வச்சுக்கங்கன்னு ஒங்க மேடத்துக்கு போன்லயே சொன்னேன். தேதிய மாத்த முடியாதுன்னுட்டாங்க."

தெரிந்தே செய்திருக்கிறார்.

முதல் முறை போனபோது வேப்பிலைத் தோரணத்தை நானும் பார்த்தேன். எங்கள் ஊரிலும் இதே காப்புதான். எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கோபத்தையும் மேடம் மேலேயே போட்டேன்.

மார்ச் 25, புதன்

மேடத்திடம் அதைச் சொன்னதற்கு அவர்: "சாமி கதையெல்லாம் அறிக்கையில எழுத முடியாது. என் ஃபாரத்துல தப்பு கெடையாது. நேர்மையா நிரப்புனா ஒரே மாதிரிதான் வரும்."

நேர்மையா. சரி.

இன்றிலிருந்து மேடத்துக்கும் ஒரு தாள். ஃபாரத்தில் எழுதுவது சரியா என்று பார்க்க, அந்த அறுபதில் பத்துப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவள் நான். மேடம் என் மேஜைக்கு நேர் எதிரில்.

11.10 – டீ, சீனி 2 ஸ்பூன். மெதுவடை 2.
12.00 – பிஸ்கட் 4.
3.30 – டீ. அதிரசம் 1. யாரோ வீட்டு விசேஷம்.

மார்ச் 27, வெள்ளி

வடை 2. பிஸ்கட் 5. நேற்று வடை 3, முறுக்கு.

போனில் யாரிடமோ: "எனக்கு சுகர்ங்க. இனிப்பெல்லாம் விட்டு ரெண்டு வருசமாச்சு." வாயில் பிஸ்கட்.

அம்மா கேட்கிறாள், என்னடி முகமெல்லாம் தெளிச்சியா இருக்கு என்று. சேப்பங்கிழங்கு வறுவல் செய்தாள். இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

நேற்றும் இன்றும் வடை. ஒரு நாள் தவறவில்லை. புதுச் செருப்பு வாங்கினேன்.

ஏப்ரல் 1, புதன்

நல்ல நாள்தான்.

"மேடம், ஃபாரம் நிரப்ப எத்தனை நிமிசம் ஆகும்னு அறிக்கையில போடணும். நீங்களே ஒரு தடவை நிரப்பிப் பாருங்களேன். உள்ளபடியே நிரப்புனாத்தான் நேரம் சரியா தெரியும்."

ஒன்பது நிமிடம். வடை: இல்லை. பிஸ்கட்: ஒரு நாள். சீனி போட்ட டீ: இல்லை. கீரை: ஆறு நாள். ஆறு நாள்!

பத்துப் பிள்ளைகள் எழுதியதும் நான் பார்த்ததும் ஏற்கெனவே பட்டியலாக இருக்கிறது. அதன் அடியில் பதினொன்றாவது வரி சேர்த்தேன். பெயர் கிடையாது, எண் மட்டும்.

பாவமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கமிட்டியில் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். காப்புக் கட்டு பற்றி ஒரு பக்கம் எழுதிப் பட்டியலோடு வைத்திருந்தேன். வயதானவர் அதைப் படித்துவிட்டு, "இது முன்னாடியே தெரியாதா?" என்றார். மேடம் பட்டியலை இழுத்தார். சிவப்புப் பேனாவால் கடைசி வரியைச் சுழித்தார்.

"இதப் பாருங்க சார். பத்து வரி ஓரளவுக்கு ஒட்டுது. இந்தப் பதினொண்ணு ஒட்டவே இல்ல. தெனம் வடை தின்னுட்டு இல்லன்னு எழுதியிருக்கா. ஒண்ணு இந்தப் பிள்ள புளுகு, இல்லன்னா சுமதி உக்காந்து போட்டது. இத வச்சு என் ஃபாரத்த எப்படி எடைபோட முடியும்?"

வயதானவர் என்னைப் பார்த்தார். "யாரும்மா இந்தப் பொண்ணு?"

"பிள்ளைங்க பத்துப் பேருதான் சார். பதினொண்ணு மேடம்." ஒன்பது நிமிடத்து ஃபாரத்தை, கையெழுத்தோடு, மேஜையில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து பியூன் அண்ணன் வடைத் தட்டோடு உள்ளே வந்தார். வழக்கம்போல மேடத்திடம்தான் முதலில் நீட்டினார்.

மேடம் எடுக்கவில்லை. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.