என்னைப் பற்றி நீங்கள் போட்ட ஒப்பந்தம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா? போனில் கேட்டிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பல்கலைக்கழகத்தில் இது என் கடைசிப் பருவம் என்பதால் துறையில் என்னைப் பாதி கிளம்பிவிட்டவள் போலத்தான் பார்க்கிறார்கள், என் ஜன்னலோர மேசை யாருக்கு என்று எனக்கு முன்னாலேயே பேச்சு நடக்கிறது. உலகத்துச் சண்டையை எல்லாம் தீர்க்கப் பாடம் சொல்லும் துறையில் ஏ.சி. சண்டை மட்டும் தீரவில்லை. ஒருவருக்குக் குளிர்கிறது, ஒருவருக்கு வியர்க்கிறது, இவர் போட அவர் அணைக்க, கடைசியில் மெஷினே படுத்துவிட்டது. உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை, வகுப்பில் வருடா வருடம் ஒரு பரீட்சை வைப்பேன். மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து ஒரு தகராறைக் கொடுப்பேன், இந்த வருடம் ஒரு பழைய கட்டடத்தை இடித்துப் பாதை விடலாமா கூடாதா என்பது. அந்தக் கட்டடத்தில் ஒருவர் குடியிருக்கிறார் என்று கொடுக்கிற தாளிலேயே எழுதியிருக்கும். குடியிருப்பவராக ஒரு மாணவரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். யாராவது எழுந்து போய் அவரை உள்ளே கூப்பிடுகிறார்களா என்பதுதான் பரீட்சை. இந்த முறை உள்ளே பிரமாதமாகப் பேசி முடித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் கதவைத் திறந்தால் வராந்தாக்காரர் சுவரில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பியதும், முடிஞ்சிடுச்சா மேடம், நான் இப்ப எங்க போகணும் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம்தான் உன் மெயில் வந்தது. நானும் அண்ணனும் பேசி முடிச்சுட்டோம்மா, உன் பாடத்தை வெச்சே முடிச்சோம், இனி நீ கவலையே படாத என்று எழுதியிருந்தாய். அப்பா போனபோது, தனியாகிவிட்ட அம்மா யாரிடம் இருப்பது என்று ஆஸ்பத்திரி வாசலில் வார்த்தை தடித்ததிலிருந்து நீங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவன் என்னிடம் ‘உன் பொண்ணு’ என்பான், நீ ‘உன் பிள்ளை’ என்பாய், ஏதோ நான் ஊரார் பிள்ளைகளைப் பெற்றவள் மாதிரி. அதனால் மெயிலைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, பிறகுதான் ஒப்பந்தத்தைத் திறந்தேன். நான் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்பது, குளிர் இல்லாத ஆறு மாதம் நான் உன்னிடம், மீதி அண்ணனிடம், என் புத்தகங்கள் அவன் வீட்டு மாடி அறைக்கு, வருடம் ஒருமுறை மறுபரிசீலனை. பழக்கதோஷம், சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன். விட்டுக்கொடுத்தது இரண்டு பக்கமும் சமம், எழுத்து தெளிவு, என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இப்படி வராது. எழுபத்தைந்து மார்க் போடுவேன். மீதி ஏன் இல்லை என்று உனக்கே இந்நேரம் புரிந்திருக்கும்.

உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை, பயம். நேற்று அண்ணன் வந்தபோது, குட்டிக்குப் பல் விழுந்த போட்டோ உனக்கு முன்னாடி எனக்குத்தான் வந்துச்சு என்று என்னிடமே பெருமையடித்தான். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நான் மாட்டேன் என்றால் எல்லாம் உடைந்து, உன்னாலதான் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவீர்களோ என்று இருந்தது. பேசாமல் சரி என்று தலையாட்டிவிடலாம் என்று நினைத்து, எந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அலமாரி முன்னால் போய் நின்றுகூடப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க நடுவில் உட்கார்ந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்டவளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வீடு வேண்டும். என் அடுப்பில் என் காபியை நானே போட்டுக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் எனக்கென்ன என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும், ஓய்வு என்றால் எனக்கு அதுதான். வீட்டை விற்கப்போவதில்லை. முடியாமல் போகிற நாளில் நானே கூப்பிடுவேன், அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

இந்தக் கடிதத்தின் நகலை அண்ணனுக்கும் அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு என்பது எங்கள் தொழில் வழக்கம், அதனால் அம்மா அங்கே என்ன சொன்னாள் என்று நீங்கள் துருவ வேண்டியதில்லை. குட்டிக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்து முடித்ததும் அண்ணனுக்குப் போன் போடு. அம்மா பிடிவாதக்காரி, வயதாக ஆக மோசமாகிக்கொண்டே போகிறாள் என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஆசை தீரத் திட்டுங்கள். ஒரே நாளில் தீராது, நாளைக்கும் போடுங்கள்.

அன்புடன்,
அம்மா