வெள்ளைக் கரு எங்களுக்கு

ஞாயிறு, இரவு

சிவாஜிநகரில் வாங்கிவந்த கப்பி மீன் குட்டி போட்டதிலிருந்து, அவித்த முட்டையில் மஞ்சள் கரு குஞ்சுகளுக்கு, வெள்ளைக் கரு எங்களுக்கு. இன்றைக்கும் எங்கள் தட்டில் அதுவேதான்; குஞ்சுகளுக்கோ மஞ்சள் கருவோடு நேற்று கேரட், இன்றைக்குப் பட்டாணி மசியல். "அதுங்களுக்கு மட்டும் தினம் ஒரு மெனுவா?" என்று இவரிடம் கத்திவிட்டேன்.

"ஒரே தீனி போட்டா வளராது மேரி," என்றார். சொல்வது யார்? கல்யாணமான நாளிலிருந்து காலையில் இட்லியைத் தவிர எதையும் தொடாத மனுஷன்!

வால் கோணலான குஞ்சு மட்டும் நேற்றிலிருந்து எதையும் தின்னவில்லை. அந்தக் கவலையோடுதான் படுக்கப் போனார். மனசு கேட்காமல், வெந்த பாலக் கீரையைத் துளி நசுக்கித் தொட்டியில் விட்டேன். வந்து கொத்தியது! சொல்லலாமென்று ஓடினால் குறட்டை.

காலையில் சொல்லிக்கொள்ளலாம். இட்லி கிடையாது, கீரை தோசைதான். இவரும் கொஞ்சம் வளரட்டும்.