தாளில் பரவிய பெயர்

ஜூன் 4

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

கல்யாணமான புதிதில்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை. இந்த மை தயாரிக்கும் கம்பெனி வேலை கையைப் பிடித்து எழுத வைக்கிறது. ஒரே பேனா, ஒரே நீலக்கருப்பு மை, தாள்தான் மாறும். காகித ஆலையிலிருந்து ஒருவர் கட்டுக் கட்டாகத் தாள் கொண்டு வருவார். ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தையை எழுதி, மை இழை இழையாகப் பரவுகிறதா, பின்பக்கம் இறங்குகிறதா, விரல் பட்டால் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வார்த்தையில் சுழி, வளைவு எல்லாம் இருக்க வேண்டுமாம். நீங்கள் எனக்கு வைத்த பெயரைக் கை தானாக எழுதிவிட்டது. வீட்டுச் சாமானையெல்லாம் பையில் போட்டு ஆணியில் தொங்கவிடுகிறேன் என்று கேலி செய்து வைத்தீர்களே, அதேதான்.

சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமானதும், சொன்னபடி உங்கள் கடையை இங்கே மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். பக்கத்துத் தெருவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள்
தூக்கணாங்குருவி


ஜூன் 11

என் தூக்கணாங்குருவிக்கு,

கடையை மாற்ற நான் ரெடி. மூக்குக்கண்ணாடி போடாத ஊர் எங்கே இருக்கிறது? ஆனால் ஒரு சந்தேகம். உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கெல்லாம் மீசை முளைத்திருக்கிறது! நல்ல தாளெல்லாம் யாருக்குப் போகிறது? எனக்கு மட்டும் பொட்டலம் கட்டுகிற தாளா?

'ஒருவர்' கொண்டு வருவார் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒருவருக்கு என்ன வயது? தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறாரா, நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் புருஷன்


ஜூன் 17

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

சும்மா கேட்கிற ஆள் இத்தனை கேள்வி கேட்பாரா? புகைச்சல் வாசனை இங்கே வரைக்கும் அடிக்கிறது! நல்ல தாளெல்லாம் கம்பெனி அலமாரிக்கும், மாதிரி காட்ட ஆலைக்கும் போய்விடும். கழித்துப் போட்டதுதான் எனக்கு, அதனால் உங்களுக்கும்.

அவருக்கு நம்மைவிட வயது கொஞ்சம் குறைவாக இருக்கும். மை காயும்வரை நிற்பார், அது அவர் வேலை. நேற்று, "மேடம், இந்தக் குருவி எங்க இருக்கு?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரரக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்றேன். சிரித்தார். போதுமா?

கடை இடத்துக்காரர் உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். வந்துவிட்டுத்தான் போங்களேன்.

உங்கள்
தூக்கணாங்குருவி


ஜூலை 2

உனக்கு,

பில் புத்தகம் வாங்கக் காகிதக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்த ஆலையின் மாதிரித் தாள்களை எடுத்து விரித்தார். எல்லாவற்றிலும் உன் கையெழுத்து. தூக்கணாங்குருவி, தூக்கணாங்குருவி, தூக்கணாங்குருவி! "எழுத்து அம்சமா இருக்குல்ல சார்? ஆலைக்காரர் இதக் காட்டித்தான் தாளே விக்கிறாரு" என்கிறார்.

உன் காதோடு நான் சொல்கிற பெயர் அது. அதை எவனோ பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறான், நீ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாய். பொறாமைதான். ஆமாம், பொறாமைதான், என்ன இப்போது?

இனிமேல் அந்தப் பெயரை நீ எங்கேயும் எழுதக் கூடாது. உன் மேலாளருக்கும் எழுதிவிட்டேன். அந்த ஆள் என் மனைவியிடம் அளவுக்கு மீறிப் பழகுகிறான், உள்ளே விடாதீர்கள் என்று. கோபித்துக்கொள்ளாதே, உன் நல்லதுக்குத்தான். அடுத்த மாதம் கடையைக் காலி செய்துகொண்டு நானே வந்துவிடுகிறேன். அப்புறம் எந்தத் தொல்லையும் இருக்காது.

உன் புருஷன்


ஜூலை 12

வணக்கம்.

உங்கள் கடிதத்தை மேலாளர் எல்லார் முன்னாலும் படித்தார். "என்னம்மா இது?" என்றார். ஆலைக்காரரும் தாள்கட்டோடு எதிரிலேயே நின்றிருந்தார். முகம் செத்துப்போய், "மேடம் அப்படிப்பட்டவங்க இல்ல சார்" என்றார். நீங்கள் சொல்ல வேண்டியதை ஒரு வெளி ஆள் சொல்லிக் கேட்டேன். அழுகை அப்போதுதான் வந்தது.

அவரை இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வருகிறவர் தாளை வாசல் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார். நான் வந்தால் அறையில் பேச்சு நின்றுபோகிறது. வார்த்தை எழுதுவதை விட்டுவிட்டேன், வெறும் சுழிகள் போடுகிறேன். மை அதிலும் சரியாகத்தான் காய்கிறது.

நேற்று வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சாயங்காலமே போய், பக்கத்துத் தெரு இடம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் கடையைக் காலி செய்ய வேண்டாம். நீங்கள் கேட்டபடி அந்தப் பெயரை இனி எங்கேயும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
மனைவி